பக்கம் இல்லாத புத்தகங்கள்

"கண்ணுல பொரைன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்கக்கா, அதோட பிரச்சனை தீந்துது" என்று காதோரம் குனிந்து சொல்லிவிட்டு மயில்சாமி மைக் வயரை ஓரமாக ஒதுக்கப் போய்விட்டார். தீந்துதாம். யாரு பிரச்சனை தீந்துது? கமலவேணி பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து மடியில் கிடந்த பையை இறுக்கிப் பிடித்தாள். பைக்குள் போன், போனுக்கு மேலே ஐந்து புத்தகங்கள், ஐந்தும் இதே நூலகத்தில் எடுத்தவை, ஐந்தில் ஒன்றைக்கூட அவள் விரித்துப் பார்த்ததில்லை, விரிக்காமலேயே ஐந்தும் முதலிலிருந்து கடைசி வரை அவளுக்குத் தெரியும், அதுதானே இப்போது பஞ்சாயத்து. மயில்சாமி நல்ல மனுசன், அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது, கீழே புத்தகம் எடுத்துக் கொடுக்கிறவரும் அவர்தான், மாடியில் மாசக் கடைசி ஞாயிறு கூடுகிற இந்த வாசகர் வட்டத்துக்குச் செயலாளரும் அவர்தான், வட்டத்து நிர்வாகிகள் போன வாரம் கூடி ஒரு முடிவு எடுத்திருக்கிறார்களாம், இனிமேல் படித்த புத்தகத்தை மட்டும்தான் அறிமுகம் செய்யலாமாம், காதால் கேட்ட புத்தகம் சேர்த்தியில்லையாம், பார்வை குறைந்தவர்களுக்கு மட்டும் விலக்காம், அதனால் பார்வை குறைந்தவளாக ஆகிவிடுங்கள் என்கிறார், அதுவும் எவ்வளவு அக்கறையாக, கையில் வைத்துக் கொடுக்கிற மாதிரி. பாவி மனுசா, என்ற கண்ணுக்கா பொரை? வெள்ளைப் பனியனில் ஊசி போன ஓட்டையை ஒரு கை தூரத்திலிருந்து கண்டுபிடிக்கிற கண்ணு. இந்தக் கண்ணை நம்பித்தான் வீட்டு மாடியில் தகரக் கொட்டகை போட்டு ஏழெட்டுப் பெண்களை வைத்துச் செக்கிங் யூனிட் நடத்துகிறாள், கம்பெனிக்காரர்கள் துணி மூட்டையை இறக்குகிறபோதே "வேணியக்கா பார்த்துட்டா மறுபேச்சு இல்ல" என்கிறார்கள், நாளைக்கு அவர்கள் காதில் இந்தப் பொரை விழுந்தால் மூட்டை நேரே பக்கத்துத் தெருவுக்குப் போகும். இப்போதுகூடத் தெரிகிறது, அங்கே குனிந்து வயரைச் சுற்றுகிறாரே மயில்சாமி, அவருடைய இடது தோள் தையலில் நாலு குத்து விட்டுப்போயிருக்கிறது, துவைக்கத் துவைக்க வாய் பிளந்துவிடும், ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டிய சட்டை. கை பரபரத்தது. கையைப் பைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

மேடையில் புலவர் குழந்தைவேலு ஐயா பேசிக்கொண்டிருக்கிறார். அவர்தான் தலைவர். உயர்நிலைப் பள்ளியில் ஆயுசெல்லாம் தமிழ் நடத்தியவர், வாசிப்பு என்பது யாதெனில் என்று ஆரம்பித்தார், இன்னும் யாதெனிலை விட்டு இறங்கவில்லை, அவர் இறங்கின பிறகுதான் இவள் ஏற வேண்டும். ஐயாவுக்கு ஒரு வழக்கம் உண்டு, புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதைக் கையில் தூக்கிக் காட்ட வேண்டும், காட்டிவிட்டு ஐயா கையில் கொடுத்துவிட வேண்டும், அப்புறம் எந்த இடத்தைப் பற்றிச் சொன்னாலும் ஐயா "பக்கம்?" என்பார், பக்கத்தைச் சொன்னால் திருப்பிப் பார்த்துத் தலையை ஆட்டுவார், அந்தத் தலையாட்டலுக்காகவே சிலர் ராத்திரியெல்லாம் கண்விழித்துப் படித்துவிட்டு வருவார்கள். ஒரு வருசம் பின் வரிசையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குப் போன மாசம்தான் முதல் முறை. புதுசாக வந்ததில் நல்லதாக ஐந்து புத்தகம் சொல்லுங்கள் என்று மயில்சாமிதான் ஏற்றிவிட்டார். முதல் புத்தகம் 'பஞ்சு படிஞ்ச வீடு', ஒரு மில்காரியின் மகள் தன் அம்மாவைப் பற்றி எழுதியது, கமலவேணி ஆசையாசையாகச் சொன்னாள், அம்மா பேரைச் சொல்ல வர்ற இடத்துல அவங்களால சொல்ல முடியாம நின்னுபோறாங்க பாருங்க, அந்த இடத்துக்காகவே இதைப் படிக்கலாமுங்க என்று. "பக்கம்?" தெரியலீங்கய்யா. "தெரியலைன்னா? படிச்சவங்கதானே சொல்லணும்?" என்று ஐயா தானே புரட்டினார், புரட்டிப் புரட்டிக் கண்டுபிடித்துவிட்டார், நாற்பத்தியோராம் பக்கம், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார், "அம்மாவின் பெயர் காளியம்மாள். இவ்வளவுதானம்மா இருக்குது, இதுல எங்க நின்னுபோனாங்க?" படிக்கறப்ப நின்னுட்டாங்கய்யா. "யார் படிக்கறப்ப?" அவங்கதானுங்க, எழுதினவங்க. "ஏம்மா, உங்க வீட்டுக்கே வந்து படிச்சுக் காட்டினாங்களா?" சிரிப்பு. முன் வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பி அது பின் வரிசைக்குப் போய்த் திரும்பி வந்தது. போன்ல கேட்டேனுங்க என்றாள். "அப்ப நீங்க இதைப் படிக்கலை" என்றார் ஐயா, கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை, வருத்தமாகச் சொன்னார், பரீட்சையில் பார்த்து எழுதின பிள்ளையிடம் சொல்கிற மாதிரி. மீதி நாலையும் அடுத்த மாசம் பார்த்துக்கொள்ளலாம் என்று மயில்சாமி கூட்டத்தை முடித்துவைத்தார்.

அப்ப நீங்க இதைப் படிக்கலை. இந்த ஒரு வரி இந்த மாசம் முழுக்க அவள் வாயில் முள்ளாகக் குத்திக்கொண்டு கிடந்தது, சோறு தின்றால் குத்தும், பல் தேய்த்தால் குத்தும். படிக்கலையா? சரி, பின்னே நான் என்னத்தைப் பண்ணினேன்? கொட்டகையில் முன்னெல்லாம் சினிமாப் பாட்டுத்தான் ஓடும், ஒரே பாட்டு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, பேபியக்காதான் ஒரு நாள் கத்திரியைக் கீழே போட்டுவிட்டு "அட இதே ஒப்பாரிய எத்தனை நாளைக்குத்தான் கேக்கறது, வேற என்னமாச்சும் போடு வேணி" என்றாள். பேபியக்காவுக்கு அறுபது இருக்கும், பிசிறு வெட்டுவதில் அவள் கைக்கு ஈடு கிடையாது, வாய்க்கும் கிடையாது. வேறு என்னமாவது போடுவோமே என்று தேடியபோது அகப்பட்டதுதான் இந்த ஒலிநூல், மொதல்ல ஒரு கொலைக் கதை, 'ஏழாம் நம்பர் கிணறு', படிக்கிற ஆள் ஒருத்தன்தான், ஆனால் கிழவனுக்கு ஒரு குரல் போலீசுக்கு ஒரு குரல் என்று பிரமாதப்படுத்துகிறான், கொலைகாரன் யார் என்று ஆளாளுக்கு ஒருத்தனைப் பிடித்துவைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள், கடைசி அத்தியாயம் ஓடின மத்தியானம் வாத்துப் படம் போட்ட மஞ்சள் குழந்தைச் சட்டை ஒரு பெட்டி நிறைய நூல் தொங்கத் தொங்கப் பாஸாகிப்போய்க் கம்பெனியிலிருந்து திருப்பி அனுப்பினார்கள், அன்றைக்கு வாங்கிக்கட்டிக்கொண்ட வசவு இன்னும் காதில் இருக்கிறது, இருந்தாலும் அந்தக் கதைக்கு அந்த வசவு தகும். அப்புறம் ஒரு டாக்டர் எழுதிய 'குடல் என்னும் ஊர்', சாப்பாட்டு நேரத்தில் போடவே கூடாது, ஆனால் அதைக் கேட்டதிலிருந்து பேபியக்கா வெறும் வயிற்றில் டீ குடிப்பதை விட்டுவிட்டாள், டாக்டர் நேரில் சொல்லியும் விடாதவள். மலைக்கு ரோடு வெட்டப் போன கூலிகளைப் பற்றிய வரலாறு ஒன்று, கனமான புத்தகம், நடுவில் கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கொண்டால் கடைசியில் தூக்கிவாரிப் போடும். வயசான இரண்டு பேர் பஸ் ஸ்டாண்டில் பழகிக் கல்யாணம் வரைக்கும் போகிற நாவல் ஒன்று, 'கடைசி டவுன் பஸ்', அதில் அந்த அம்மா "எனக்கு யாரையும் கேக்கணும்னு இல்ல" என்று சொல்கிற இடத்தில் கொட்டகையில் விசில் அடித்தார்கள். விடிகாலையில் எழுந்தால் கோடீஸ்வரன் ஆகலாம் என்று ஒருத்தன் சொல்கிற புத்தகத்தையும் போட்டுப் பார்த்தாள், "நாங்க பொறந்ததுல இருந்து நாலு மணிக்குத்தான் எந்திரிக்கறோம், எங்கடா என்ற கோடி?" என்று பேபியக்கா போனைப் பார்த்துக் கேட்டாள், அதோடு அதை நிறுத்தியாச்சு, அது இந்தப் பையில் இல்லை. பக்கம் கேட்கிறார் ஐயா. இருக்கிறது ஐயா, என்னிடமும் பக்கம் இருக்கிறது, கிணற்றில் பிணம் மிதந்த இடம் மஞ்சள் வாத்து, டாக்டர் கல்லீரலைப் பற்றிச் சொன்னது வெள்ளைப் பனியன், பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மா வாயைத் திறந்தது கோடு போட்ட டீ சர்ட்டின் இடது கை. எந்தத் துணியைக் கையில் எடுத்தாலும் அந்த இடம் அப்படியே வந்து நிற்கிறது. இதை எந்தப் பக்கத்தில் திருப்பிப் பார்ப்பீர்கள்?

"நூலைத் தொடாதவன் நூலறிவு பெறான்" என்கிறார் மேடையில் ஐயா, யாரும் சிரிக்கவில்லை, ஆனால் முன் வரிசையில் ஒரு தலை மெதுவாகத் திரும்பி இவளைப் பார்த்துவிட்டுப் போகிறது. பார்த்துக்கோ, நல்லாப் பார்த்துக்கோ. அந்தக் காளியம்மாள் வந்த அன்றைக்குக் கையில் பச்சைக் காலர். பச்சையென்றால் மாங்காய்ப் பச்சை, காலர் மட்டும் பச்சை, உடம்பு வெள்ளை. புத்தகம் ஆரம்பித்ததிலிருந்து அந்த அம்மாவின் பெயரையே சொல்லவில்லை, மில்லில் பஞ்சுக்காரி, வீட்டில் இவளே, தெருவில் இன்னார் பொண்டாட்டி, மகளுக்கும் அம்மா என்பதுதான் தெரியும், மில்லில் சுவாசம் கெட்டுப்போய்ச் செத்துக் கிடக்கிறபோதுதான் கூட வேலை பார்த்த ஒருத்தி ஓடி வந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அழுகிறாள், அப்போதுதான் மகளுக்கே அம்மாவின் பெயர் காதில் விழுகிறது. எழுதினவள்தான் படிக்கிறாள், சினிமாக் குரல் இல்லை, கரகரவென்று ஊர்க்குரல். "அம்மாவின் பெயர்" என்றாள். நின்றுவிட்டாள். போன் நின்றுவிட்டதோ என்று கமலவேணி எட்டிப் பார்த்தாள், இல்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, உற்றுக் கேட்டால் ஒரு மூச்சு, எச்சில் விழுங்குகிற சத்தம், நாற்காலி ஒன்று கிறீச்சென்றது, அப்புறம் ஒன்றுமே இல்லை. கொட்டகையில் அத்தனை கத்திரியும் நின்றுபோயின. தகரத்து மேலே வெயில் சடசடக்கிற சத்தம் கேட்டது. யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. பேபியக்கா போனைப் பார்த்து, பெத்த பிள்ளையிடம் சொல்கிற மாதிரி, "சொல்லு சாமி, சொல்லிப்போடு" என்றாள். அதைக் கேட்டுவிட்ட மாதிரி அந்தக் குரல் "காளியம்மாள்" என்றது. அப்போது கமலவேணி அழுதாள். மாமனார் செத்தபோது வராத அழுகை, யூனிட் தீப்பிடித்தபோது வராத அழுகை, பச்சைக் காலரில் சொட்டுவிழுந்து கறையாகிவிடுமோ என்று துணியைத் தூர நீட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். இதுதான் படிக்காததா?

படிக்காததாகவே இருந்தால்? சனியன் பிடித்த நினைப்பு, இந்தக் கேள்வி வேண்டாம் வேண்டாம் என்று ஒதுக்கினாலும் சுற்றிச் சுற்றி அதே இடத்தில் வந்து சிக்கிக்கொள்கிறது. நிஜமாகவே ஐயா சொல்கிறதுதான் சரியோ? வேலை நடுவே காதில் விழுந்ததுதானே, பாதி நேரம் கீழே ஜெனரேட்டர் ஓடுகிறது, யாராவது மாடிப்படியில் கூப்பிடுகிறார்கள், மனசு எங்கேயோ போய்விடுகிறது, பின்னால் தள்ளித் தள்ளிக் கேட்கிறாள்தான், இருந்தாலும் விட்டுப்போனது விட்டுப்போனதுதானே. நான் திருடி. அந்த வார்த்தை அப்பா வார்த்தை. பன்னிரண்டாவதோடு நிறுத்தி அவளை வீட்டில் உட்காரவைத்த அப்பா, ஒரு நாள் அடுப்பில் சோறு தீய்ந்த வாசம் வந்து ஓடி வந்தவர், அவள் மடியில் கதைப்புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "வேலை நேரத்தைத் திருடறயா" என்று பிடுங்கிப் புகைந்துகொண்டிருந்த விறகுக்கு மேலே போட்டார். புத்தகம் முழுசாக எரியவில்லை, ஓரம் கருகிக் கிடந்தது, அதைத் தண்ணீர் தெளித்து எடுத்து ஒளித்துவைத்து மீதியைப் படித்தாள், ஒவ்வொரு வரியிலும் கடைசி இரண்டு வார்த்தை இருக்காது, தானே போட்டுக்கொண்டு படித்தாள். அப்போது தெரியாது, இப்போது தெரிகிறது, உட்கார்ந்து படிக்கிறவளுக்கு இந்த உலகத்தில் ஒரு நாற்காலி கிடையாது, நாற்காலி எல்லாம் முன் வரிசைக்காரர்களுக்குத்தான், அவர்கள் வீட்டில் அவர்கள் படிக்கிறபோது யாரோ ஒருத்தி சோறு தீயாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த ஒருத்தி என்றைக்குப் படிப்பாள்? கண்ணும் கையும் வேலைக்குப் போய்விட்டது, மீதி இருப்பது காது ஒன்றுதான், அதில் படிக்கிறாள், அதையும் சேர்த்தியில்லை என்றால் எப்படி? சரி, பொரை என்று சொல்லிவிட்டால்? சொல்லலாம். சொன்னால் இந்த நாற்காலி நிலைக்கும், மாசாமாசம் வரலாம், ஐயாகூட எழுந்து கையைப் பிடித்து மேடை ஏற்றுவார், "பாவம், கண் தெரியாத நிலையிலும்" என்று ஆரம்பிப்பார், எல்லோரும் கைதட்டுவார்கள், அடுத்த மாசம் வருகிறபோது படிக்கட்டைத் தடவிக்கொண்டு வர வேண்டும், ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்க வேண்டும், டீ டம்ளரைக் கொடுத்தால் கொஞ்சம் தள்ளிக் கையை நீட்ட வேண்டும். நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சத்தமாகவே வந்துவிட்டது, பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் எழுந்து போக வேண்டியதுதான், மறுபடி கொட்டகை, மறுபடி பேபியக்கா, கேட்டதைப் பற்றி நாலு வார்த்தை பழமை பேச வேறு ஆளில்லை, ஒரு வருசமாக இந்த ஒரு சாயங்காலத்துக்காக மீதி நாளெல்லாம் வேலை செய்தவளுக்கு அது சின்ன இழப்பா? இல்லை.  

"அடுத்ததாகத் திருமதி கமலவேணி துரைசாமி" என்று மயில்சாமி கூப்பிடுகிறார், கூப்பிட்டுவிட்டு, "அவங்களுக்குப் பார்வையில கொஞ்சம்" என்று தானே ஆரம்பிக்கிறார். அட மனுசா, என்னைக் கேட்காமலேயே எனக்கு ஆபரேசன் செய்யப் பார்க்கிறாயே! கமலவேணி விறுவிறுவென்று நடந்தாள், மேடையின் மூன்று படியையும் ஒரே மூச்சில் ஏறினாள், பையை மேசைமேல் வைத்தாள், மைக்கை அவர் கையிலிருந்து வாங்கினாள். முன் வரிசை முகங்கள் தெளிவாகத் தெரிந்தன, ஒவ்வொரு மீசையும் ஒவ்வொரு பேனாவும் தெரிந்தது, இறங்கி வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஐயா மடியில் அதே 'பஞ்சு படிஞ்ச வீடு' இருந்தது, போன மாசம் வாங்கினவர் திருப்பித் தரவே இல்லை, இவள் இன்றைக்கு வேறு பிரதிதான் எடுத்துவந்திருக்கிறாள், அவருடையதில் நாற்பத்தியோராம் பக்கத்தில் தாள் ஒன்று அடையாளத்துக்குச் செருகியிருக்கிறது, சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருக்கிறார்.  

"எல்லாருக்கும் வணக்கமுங்க. என்ற கண்ணு நல்லாருக்குதுங்க" என்றாள். தன் குரல் ஒலிபெருக்கியில் வந்து தன் காதிலேயே விழுந்தபோது அது யாரோ ஒருத்தியின் குரலாக இருந்தது, கரகரவென்று. "மயில்சாமியண்ணா, உங்க எடது தோள்ல நாலு குத்து விட்டிருக்குது, வூட்டுக்குப் போயி ஒரு தையல் போட்டுருங்க. கடைசி வரிசையில நின்னாலும் எனக்குத் தெரியும். பொரையெல்லாம் இல்லீங்க." மயில்சாமி தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். யாரோ சிரித்தார்கள், இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. "கண்ணு இருந்தும் நான் இந்த அஞ்சையும் கண்ணால படிக்கலீங்க. கண்ணு வேலைக்குப் போயிருது. காதாலதான் படிச்சேன். நானும் என்ற கூட வேலை பாக்கறவங்களும் சேர்ந்து படிச்சோம். இது சேர்த்தியில்லைன்னா நான் பொட்டாட்டம் வாயை மூடிட்டு எறங்கிப் போயிர்றேன். ஆனா பொய் சொல்லி நிக்க மாட்டேன்."

"யாரும் உங்களைப் போகச் சொல்லலையம்மா" என்றார் ஐயா, எழுந்திருக்காமல். "ஒரு முறை இருக்குதில்ல? காதுல விழறதெல்லாம் வாசிப்புன்னா ரேடியோ கேக்கறவனெல்லாம் வாசகன்தான். புத்தகத்துல இல்லாத ஒண்ணை இருக்குதுன்னீங்க. இதோ பக்கம் இருக்குது. எங்க இருக்குது அந்த நிறுத்தம்? காட்டுங்க, நான் ஒத்துக்கறேன்."

"காட்ட முடியாதுங்கய்யா. கேக்கத்தான் முடியும்."

"அப்பக் கேட்கவைங்க" என்றார் ஐயா. கேலியா நிஜமா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. போனை எடுத்தாள், விரல் வழுக்கியது, சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடி தேய்த்தாள், எந்த இடம் என்று தேட வேண்டியதில்லை, அந்த இடத்தில்தான் அவள் இந்த மாசம் முழுக்கக் குடியிருந்தாள். போனை மைக்குக்கு முன்னால் பிடித்தாள். கொரகொரவென்று ஒரு சத்தம், அப்புறம் அந்த ஊர்க்குரல் அறை முழுக்க வந்தது, செத்துக் கிடக்கிற அம்மாவின் கால்மாட்டில் மகள் நிற்கிறாள், மில்லிலிருந்து ஒருத்தி தலைவிரிகோலமாக ஓடி வருகிறாள். ஐயா புத்தகத்தை விரித்து வரிக்கு வரி விரலை வைத்துக் கூடவே வந்தார். வரியெல்லாம் ஒத்துப்போனது. ஒத்துப்போகப் போக அவர் தலை ஆடியது, பழக்கம்.

"அம்மாவின் பெயர்" என்றது குரல்.

நின்றது.

ஐயாவின் விரல் அடுத்த வார்த்தைக்குப் போய்விட்டிருந்தது. "காளியம்மாள்" என்று அவர் சத்தமாகவே வாசித்துவிட்டார், வகுப்பில் வருகை எடுக்கிற குரலில், அடித்தொண்டையிலிருந்து, தெளிவாக. வாசித்துவிட்டு நிமிர்ந்தார். குரல் வரவில்லை. ஓரத்தில் இருந்த ஒருத்தர் "கட்டாயிருச்சாட்ட இருக்குது" என்று எழுந்தார், கமலவேணி இன்னொரு கையைத் தூக்கி அவரை அப்படியே உட்காரவைத்தாள். ஒலிபெருக்கியில் மூச்சு கேட்டது. எச்சில் விழுங்குகிற சத்தம் கேட்டது. அந்த நாற்காலி கிறீச்சென்றது, தங்கள் நாற்காலியோ என்று இரண்டு பேர் குனிந்து பார்த்தார்கள். ஐயா சொன்ன பெயர் இன்னும் அறையில் அப்படியே நின்றுகொண்டிருந்தது, எடுத்துக்கொள்ள ஆள் வராத பொருளாக, அவர் புத்தகத்தைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மறுபடி புத்தகத்தைப் பார்த்தார், விரலை அந்த வார்த்தையிலிருந்து எடுத்துவிட்டார். சொல்லு சாமி, என்றாள் கமலவேணி மனசுக்குள், பேபியக்கா குரலில், சொல்லிப்போடு. கை வலித்தது. கையை இறக்கவில்லை. முன் வரிசையில் ஒரு பேனா மூடப்பட்டது.

"காளியம்மாள்" என்றது குரல்.

அதே பெயர்தான். அதே எழுத்துத்தான். ஐயா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார், அப்புறம் செருகியிருந்த தாளை உருவி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு புத்தகத்தை மூடினார். ஒத்துக்கொள்ளட்டுமே, ஒத்துக்கொள்ளாமல் போகட்டுமே. கமலவேணி போனை நிறுத்தினாள், பையில் கையை விட்டு அடுத்த புத்தகத்தை எடுத்து, வழக்கம் வழக்கம்தானே, தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

"அடுத்தது ஏழாம் நம்பர் கிணறுங்க. கொலைக் கதை. யாரு கொன்னாங்கன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க."

"பக்கம்?" என்று யாரும் கேட்கவில்லை.